நீங்கள் ‘நீ’ என்றீர்கள், நான் ‘நானா’ என்றேன்

அண்ணே,

இன்று காலையில் மருமகள் வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டாள். அது கத்துகிற கத்தலில் எங்கள் லோபாக்கில் பாதித் தெரு எழுந்துவிடும் என்று நான் தொண்டை கிழியச் சொன்னதற்கு இன்றுதான் பலன் கிடைத்தது. வீட்டில் கிரீஸ் இல்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெயைக் கலந்து, ஒரு பழந்துணியில் நனைத்துக்கொண்டு போனாள். அந்த வாடை அடுப்படிக்கு வந்ததுதான் தாமதம், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? ஜப்பான்காரன் போய் எத்தனை காலம் ஆயிற்று! என் பேத்திக்கே கல்யாணப் பேச்சு நடக்கிறது.

உங்கள் பால்வெட்டு உளிக்கு நீங்கள் போட்ட எண்ணெய் வாடை அது. ரப்பர்த் தோட்டத்தில் வேறு யாரும் உளிக்கு எண்ணெய் போடமாட்டார்கள். கல்லில் நாலு தீட்டு தீட்டிவிட்டு மரத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் எங்கள் லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து, குச்சியில் துணியைச் சுற்றி, உளியின் வளைவுக்குள் விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பீர்கள். “எங்க சார்ஜன் பார்த்தா தோலை உரிச்சிடுவார், பாக்கியம்” என்பீர்கள். எனக்கோ, பட்டாளத்துக்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

உங்கள் சொந்தப் பெயரை இந்த மடலில் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இனி என்ன பயம், எழுதடி என்று என்னையே திட்டிப் பார்த்துவிட்டேன். முடியவில்லை. அண்ணன் என்றே இருக்கட்டும்.

நீங்கள் வந்த காலையில் நல்ல மழை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதற்கு முன்பே காரில் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டான். போகும்போது நாயைக்கூட ஏற்றிக்கொண்டான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய ரோட்டில் பட்டாளத்து லாரிகள் தம்பின் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. வடக்கே குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. சத்தம் நின்ற பிறகுதான் எங்களுக்குப் பயம் கூடியது.

அம்மா தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போனாள். பின்பக்கம் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் ஊறி வெளுத்துத் தோல் உரிந்து, ஒரு ஆள் நிற்கிறார். அம்மா போட்ட கூச்சலில் நாங்கள் எல்லாரும் ஓடினோம். “கத்தாதீங்கம்மா, நானும் தமிழன்தான், வேலூர்ப் பக்கம்” என்றீர்கள். நீங்கள் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னதே நாலு லயத்துக்குக் கேட்டது. பீரங்கிச் சத்தத்தில் உங்களுக்கு ஒரு காது பாதி செத்திருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. சரியான காட்டுக்கத்தல்காரர் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் மூத்த அண்ணன் குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. அவன் வேட்டி கொடியில்தான் கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்பா அதை எடுத்து உங்களிடம் கொடுத்தார். “மூத்தவன் பேரு சும்மாதானே கிடக்கு, தம்பி. அதை நீ வெச்சுக்க. இனிமே நீ என் மவன்” என்றார். சொன்னவர் நேராகப் பின்கட்டுக் கால்வாய்க்குப் போய் வாந்தி எடுத்தார். வெள்ளைக்காரனுடைய பட்டாளத்துக்காரனை ஒளித்து வைத்தால் ஜப்பான்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தம்பின் சந்தைக்குப் போய் வந்தவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உங்கள் தலை மட்டும் போகாது. எங்கள் தலையும் கூடவே போகும்.

லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குள் ஆயிரம் சண்டை, கோழிக்குச் சண்டை, குழாய்க்குச் சண்டை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் ஒரு குஞ்சு குளுவான்கூடப் பேசவில்லை. நம் அம்மாதான் ஒருமுறை கவிழ்க்கப் பார்த்தாள். நீங்கள் எப்போது பார்த்தாலும் “எங்க பேட்டரி, எங்க பேட்டரி” என்பீர்கள். பீரங்கிகளும் அதற்குரிய ஆட்களும் சேர்ந்த படைக்கு அப்படிப் பெயர் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரி விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில், “பாவம், நல்ல யாவாரம் செஞ்ச புள்ள” என்று சொல்லி வைத்தாள். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்புக்கு அப்பா ஓடிவந்து உங்கள் வாயைப் பொத்தினார்.

ஜப்பான்காரன் ஆட்சியில் பாதி வேலை பால்வெட்டு, பாதி வேலை மரவள்ளி நடவு. பால் வெட்டுகிற தீம்பாரில் என் மர நிரைக்குப் பக்கத்து நிரை உங்களுக்கு. மரத்துக்கு மரம் நடக்கும்போதுதான் உங்கள் பேட்டரியின் கதையைக் கேட்டேன். சண்டை வருவதற்கு முன்னால் போர்டிக்சன் கேம்பில் இருந்தீர்களாம். காலையில் பீரங்கியைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, கடலில் மிதக்க விட்ட பீப்பாயைப் பார்த்துச் சுடுவது, சாயங்காலம் பந்து விளையாடுவது. ராஜாவின் பிறந்த நாளுக்கு வெறும் மருந்தை வைத்து வெடித்து மரியாதை செய்வீர்களாம், மலாய்க்காரப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். ஒரு நாள் நீங்கள் வண்டியை வளைக்கத் தெரியாமல் வளைத்து, பின்னால் இழுத்து வந்த பீரங்கியின் முன்தகட்டை ரோட்டோர விளக்குத் தூணில் மோதிவிட்டீர்கள். “தகட்டுல இம்மாம் பெரிய பள்ளம். சண்டையில பட்ட அடின்னு பின்னால எல்லாம் சொல்லிக்கிட்டோம்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சமாதான காலத்துக் கதைகளை இப்படி விலாவாரியாகச் சொல்வீர்கள். சண்டைக் கதை மட்டும் துண்டு துண்டாக வரும். வடக்கே மழை, ஆறு, பாலம். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பீரங்கியை விட்டுவிட்டு வந்தோம். கடைசிப் பீரங்கி தம்பினுக்கு இந்தப் பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது, யாரும் சுட முடியாதபடி அதன் பூட்டைக் கழற்றிச் சதுப்பில் போட்டுவிட்டு அவனவன் ஒரு பக்கம் போனோம். அவ்வளவுதான் சொல்வீர்கள். மேலே கேட்டால் மரத்தைப் பார்த்துக்கொண்டு உளியைப் பிடிப்பீர்கள். வீரம் பேசாத ஆள் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான். நாங்கள் எல்லாரும் நாய் குரைத்தால் நடுங்குகிற சனம். நம் வீட்டில் பயமே தெரியாத ஒருவர் இருக்கிறார் என்கிற தெம்பு.

அந்தத் தெம்புதான் ஆபத்தும். நீங்கள் நின்றால் குச்சி மாதிரி நிற்பீர்கள். நெஞ்சு முன்னால், தாடை மேலே. “ஐயோ, துரை முன்னால நிக்கிற மாதிரி நில்லுங்கண்ணே” என்று உங்களுக்குப் பாடம் எடுத்தது நான். தோளை இறக்குங்கள், முழங்காலைத் தளர்த்துங்கள், கண்ணை ஆள் காலில் வையுங்கள். “பட்டாளத்துல முதுகு வளைஞ்சா ஒதை விழும்” என்றீர்கள். “இங்க வளையலைன்னா தலை விழும்” என்றேன். நீங்கள் கூனிக் குறுகி நடந்து காட்டினீர்கள். கூத்தில் கிழவன் வேஷம் போட்டவன்கூட அதைவிட நன்றாக நடப்பான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜப்பான்காரன் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி அவன் பாஷையில் எண்ணச் சொல்வான். காலையில் ஆள் எடுக்கிற இடம்தான் பெரட்டு. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆம்பிளைகளை அங்கே வைத்துத்தான் பொறுக்குவார்கள். அவன் “பங்கோ” என்று கத்தினால் ஒவ்வொருத்தராக எண்ணைச் சொல்ல வேண்டும். இச்சி, நீ, சான், சீ, கோ. ரெண்டுக்கு நீ, நாலுக்குச் சீ! இதை எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தால் விளங்குமா? ஒருத்தி “சீ” என்று சொல்ல, பக்கத்தில் நின்ற பெரியவர், “யாரைடி சீங்கிறே?” என்று சண்டைக்குப் போனார். பயத்திலும் அப்படி ஒரு சிரிப்பு வரும், அடக்கினால் வயிறு வலிக்கும்.

அன்றைக்கு வந்தவன் புதிய அதிகாரி. சப்பாத்து பளபளக்க, குரல் வெண்கலம் மாதிரி. பழைய ஆள் போல இழுத்துச் சொல்லாமல் வெட்டினாற்போல் “பங்கோ!” என்றான். வரிசையில் முதல் ஆள், எங்களை வேலை வாங்குகிற மண்டோர். ரெண்டாவது நீங்கள். உங்கள் இடப்பக்கம் நான். மண்டோர் “இச்சி” என்று முனகினார். அடுத்த கணம் உங்கள் முதுகு நிமிர்ந்தது. குதிகால் ரெண்டும் ஒட்டின. தலை வெடுக்கென்று என் பக்கம் திரும்பியது. என் முகத்துக்கு நேரே, தோட்டமே அதிர, “நீ!” என்றீர்கள்.

பட்டாளத்தில் எண்ணைச் சொல்லும்போது அடுத்தவன் பக்கம் தலையைத் திருப்பிச் சொல்வது பழக்கம் என்று பிறகுதான் சொன்னீர்கள். அப்போது எனக்கு என்ன தெரியும்? கண்ணை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்து “நீ!” என்கிறீர்கள். எனக்கு எண்ணும் மறந்தது, ஜப்பானும் மறந்தது. யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள், நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். “சான்” என்று சொல்ல வேண்டியவள், “நானா?” என்றேன்.

அதிகாரி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் குதிகாலைப் பார்த்தான், அண்ணே, என் கண்ணால் கண்டேன். பிறகு என் பக்கம் திரும்பினான். வந்து விட்டான் ஓர் அறை. கண்ணில் மின்னல் அடித்தது. கீழே விழுந்தேன். ஏதோ கேட்டான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற எங்கள் யாழ்ப்பாணத்துக் கிராணி கொஞ்சம் ஜப்பான் பாஷை படித்து வைத்திருந்தார். அவர் ஓடிவந்து குனிந்து குனிந்து என்னவோ சொன்னார். தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துக் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டான். மறுபடியும் எண்ணச் சொன்னான். இந்தத் தடவை நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு “நீ” என்று முணுமுணுத்தீர்கள், நான் “சான்” என்றேன், எண்ணிக்கை வரிசைக் கடைசிவரைக்கும் ஓடியது.

சாயங்காலம் கிராணி ஆபீஸ் வாசலில் என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, அவங்கட பாஷையில நானா எண்டால் ஏழு. ரெண்டுக்குப் பிறகு ஏழு எண்டு சொன்னனீர். இவளுக்குக் கொஞ்சம் சுகமில்லை எண்டு சொல்லித் தப்ப வெச்சனான்” என்றார். எனக்கு வந்ததே கோபம்! கன்னம் வீங்கி, காது ரீங்காரமிடுகிறது. இதில் பைத்தியப் பட்டம் வேறு. வீட்டுக்கு வந்து உங்களிடம் கத்தினேன். நீங்கள் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, “அவன் என்னைப் பிடிக்க வந்தான், பாக்கியம். உன் ஏழுதான் அவனைத் திருப்பிச்சு” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் சோறு சாப்பிடவில்லை.

அந்த அதிகாரி மறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு லாரி வந்தது, பின்னால் ஒரு பீரங்கி. ஸ்டோருக்குக் கீழே இருந்த திடலில் அதை நிறுத்திப் பள்ளம் வெட்ட எங்களை விட்டான். மண்ணைச் சுமந்துகொண்டு கிட்டே போனபோது நீங்கள் நின்றுவிட்டீர்கள். பீரங்கியின் முன்தகட்டில் ஒரு பெரிய பள்ளம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. போர்டிக்சன் விளக்குத் தூண். எந்த ஆற்றங்கரையிலோ உங்கள் பேட்டரி விட்டுவிட்டு வந்த பீரங்கியை அவன் எடுத்துப் பழுதுபார்த்து எங்கள் தோட்டத்துக்கே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். “நடங்கண்ணே, நடங்க” என்று உங்கள் முதுகில் கூடையால் இடித்தேன்.

வேலை முடிந்ததும் யாரையும் போகவிடவில்லை. பிள்ளை குட்டிகளோடு எல்லாரையும் திடல் ஓரமாக நிறுத்தினான். மருந்தைப் போட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன்: அதிகாரி பீரங்கியைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களை வேடிக்கை பார்க்கத்தான் செய்தானோ, உங்களைத் தேடித்தான் செய்தானோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. வெடித்ததும் நாங்கள் எல்லாரும் அலறி விழுவோம். பழகிய பீரங்கிக்காரர் நீங்கள் மட்டும் அசையாமல் நிற்பீர்கள். நடுத் திடலில் தனி மரமாக நிற்பீர்கள். அதோடு எல்லாம் முடிந்தது. அப்பா, அம்மா, நான், கிராணி, எல்லாரும்.

“வாயைத் தொறந்து வெச்சுக்க, காது பிழைக்கும்” என்று நீங்கள் கிசுகிசுத்தீர்கள்.

“நீங்க தொறக்காதீங்க! பயப்படுங்கண்ணே! தயவு செஞ்சு பயப்படுங்க!” என்றேன்.

வெடித்தது. நிலம் காலுக்கடியில் எகிறியது. விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி உங்களைத் தேடினேன். நீங்கள் நிற்கவில்லை. கால்வாய்க்குள் முகம் குப்புறக் கிடந்தீர்கள். “அம்மா, அம்மா” என்று ஊளையிட்டீர்கள். வேட்டி நனைந்திருந்தது. திடீரென்று கையை ஊன்றி எழுந்து ஓடப் பார்த்தீர்கள். ஓடினால் சுட்டுவிடுவார்கள். நான் உங்கள் முதுகின் மேல் விழுந்து, ரெண்டு கையாலும் உங்கள் தலையைச் சேற்றில் அழுத்தினேன். “எந்திரிக்காதீங்கண்ணே, நான் இருக்கேன், எந்திரிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சப்பாத்துச் சத்தம் கிட்டே வந்தது. அவன் சப்பாத்து முனையால் உங்கள் வேட்டியைக் கிளறினான். மூக்கைச் சுளித்து என்னவோ சொன்னான். சிப்பாய்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். அந்த லாரியும் பீரங்கியும் அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிழைத்துவிட்டோம்! “அடேயப்பா, என்ன நடிப்பு! நான் சொல்லிக் கொடுத்ததைவிட நல்லா நடிச்சீங்கண்ணே” என்றேன். பைப்படியில் சேற்றைக் கழுவும்போது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “நடிக்கலை, பாக்கியம்.”

அப்போதுதான் மீதிக் கதை வந்தது. வடக்கே முதல் ஆற்றிலேயே, பக்கத்துப் பீரங்கியில் குண்டு விழுந்து, அந்த ஆட்கள் எல்லாரும் உங்கள் கண் முன்னால் போனார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் உங்களுக்கு இப்படித்தான் ஆகும். சார்ஜன் அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் உங்களைச் சக்கரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவரே உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்தார். “பயமில்லாதவன்னு நீங்கல்லாம் நெனச்சீங்க. சொல்ல வாய் வரலை” என்று அழுதீர்கள். நம்பிப் பிடித்திருந்த ஒரே தூணும் நடுங்குகிறது என்றால் இனி யாரைப் பிடிப்பது? பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். என் அப்பா முகம் மாதிரி, என் முகம் மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அண்ணே, நீங்கள் உண்மையிலேயே எங்கள் வீட்டுப் பிள்ளை ஆனீர்கள்.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் போர்டிக்சன் கேம்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்கள். இனி வரமாட்டார் என்று அம்மா அழுதாள். மறுநாளே பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். பேட்டரியைக் கலைத்துவிட்டார்களாம். சார்ஜன் சிறைக்கேம்பில் செத்துப் போனாராம். கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்களாம். “எனக்கு இங்க தங்கச்சி இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றீர்கள். ஊரில் உங்களுக்கு யார் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் போய்விடுவீர்களோ என்று பயம்.

என் பிள்ளைகளுக்குக் காது குத்தியது உங்கள் மடியில்தான். தாய்மாமன் சீர் எதிலும் நீங்கள் குறை வைத்ததில்லை. தீபாவளி வந்தால் மட்டும் பொழுது விடியும் முன்பே என் வீட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். வெளியே பட்டாசு வெடிக்கும். நான் பலகாரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். “பட்டாளத்து மாமாவுக்குப் பட்டாசுன்னா பயம்” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். ஆனால் உங்கள் கை என் முந்தானையை விடாது.

நீங்கள் போன அன்று என் மகன் எல்லாவற்றையும் சிறப்பாகச் செய்தான். மாமா பட்டாளத்தில் இருந்தவர், சும்மா அனுப்பக்கூடாது என்று உறுமி மேளம் வைத்தான், மாலை மாலையாகக் கொண்டுவந்து போட்டான். உங்களை வாசலுக்குத் தூக்கி வந்து பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. ரோட்டோரம் ஒரு சரம் வெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

முதல் வெடி வெடித்ததுதான் எனக்குத் தெரியும். அப்புறம் பார்க்கும்போது நான் பெட்டியின் மேல் விழுந்து கிடக்கிறேன். என் ரெண்டு கையும் உங்கள் தலையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. “எந்திரிக்காதீங்கண்ணே, நான் இருக்கேன், எந்திரிக்காதீங்க” என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கிழவிக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். மகன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். செத்தவரைப் பார்த்து எந்திரிக்காதே என்கிறாளே என்று யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வெடி ஓய்ந்து, புகை கலைந்த பிறகும் உங்கள் தலையிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே.